பனியில் காய்ந்த குதிரைகள்

ஹொக்கைடோவில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் வழுக்கி விழுந்தது. ஜப்பானின் வடகோடித் தீவு அது, மாதம் ஜனவரி. விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து குத்தியது. இரண்டடி வைத்தேன், உட்கார்ந்துவிட்டேன். தூக்கிவிடக் கை நீட்டிய வேல்முருகன் சாரும் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா ஜெசி, தரையில கிரீஸ் கொட்டிக் கெடக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கிரீஸ் இல்ல சார், ஐஸு."

"எதுவோ. எந்திரிக்க வழியச் சொல்லு."

2013-ஆம் வருடம் அது. ஒரகடத்தில் மண் தோண்டும் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஜப்பான்காரர் தொழிற்சாலை ஒன்றில் நான் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிரிவுக்கு மாஸ்கிங் என்று பெயர். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், பெயின்ட் படக் கூடாத துளைகளையும் திருகு மரைகளையும் தாள் டேப் ஒட்டி மூடுவோம். பெயின்ட் அடித்து, ஓவனுக்குள் போய், சுடச்சுட வெளியே வந்த பிறகு டேப்பைப் பிரித்தெடுப்போம். நாள் முழுக்க ஒட்டுவதும் பிரிப்பதும்தான். புதிதாக ஒரு பாகம் வரப் போகிறது, அதற்கான மாஸ்கிங்கைத் தாய்த் தொழிற்சாலையில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று என்னையும், தரம் பார்க்கும் சூப்பர்வைசர் வேல்முருகன் சாரையும் அனுப்பியிருந்தார்கள். நான் மண்ணூர்க்காரி, சர்ச் தெரு. அவர் திசையன்விளைப் பக்கம். எங்கள் இருவருக்கும் தெரிந்த அதிகபட்சக் குளிர், மார்கழி காலை ஐந்து மணி ஷிப்ட் பஸ்தான்.

அங்கே பனியை ஓரமாகத் தள்ளிக் குவித்ததில் சாலையின் இருபுறமும் மதில் மாதிரி நின்றது. நாங்கள் தங்கிய விடுதிக்கும் தொழிற்சாலைக்கும் டவுன் பஸ். ஏறும்போது சீட்டு எடுத்து, இறங்கும்போது காசு போட வேண்டும். சில்லறை இல்லை என்று யாரும் யாரையும் திட்டவில்லை. அதுவே எங்களுக்கு என்னவோ போல இருந்தது. சார் குரங்குக் குல்லாவை இழுத்து மூடி, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். எதிர் சீட்டில் இருந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அவரையே பார்த்துவிட்டுத் தன் அம்மாவிடம் ஏதோ கேட்டான். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது.

எங்களோடு வந்த கெய்கோதான் அதை மொழிபெயர்த்தாள். "வங்கியில் கொள்ளையடிக்கிறவர்கள் பஸ்ஸில்தான் போவார்களா என்று கேட்கிறான்."

கெய்கோ அந்தத் தொழிற்சாலையின் மாஸ்கிங் பிரிவில் இருப்பவள். என் வயதுதான். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் கூட்டினால் ஒரு முழு ஆள் பேசுகிற அளவுக்கு வரும். மீதிக்குக் கை இருந்தது. டேப்பைக் கிழிக்கும் விதம் மட்டும் எங்கள் இருவருக்கும் அச்சாக ஒன்று: கட்டை விரல் நகத்தில் வைத்து ஒரே சுண்டு. அதைப் பார்த்த நிமிடமே நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேன்டீனில் சோறு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரும். கூடவே சோயா விழுது கரைத்த சூப், ஆறிப்போன மீன், மஞ்சள் முள்ளங்கி. எனக்கு இரண்டாம் நாளே பிடித்துப்போயிற்று. சார் மட்டும் பருப்புப் பொடி டப்பாவைக் கையோடு வைத்திருந்தார். உருளைக்கிழங்கை அவித்து, நடுவில் கீறி, வெண்ணெய்க் கட்டியை வைத்துத் தருவார்கள். அதற்கு மட்டும் பொடியைத் தள்ளி வைப்பார். தெருமுனை இயந்திரத்தில் காசு போட்டால் சூடான காபி டப்பா விழும். சார் தினமும் இரண்டு வாங்கினார். குடிப்பதற்கு இல்லை, கோட்டுப் பைக்குள் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுக் கையைச் சூடாக்கிக்கொள்ள.

அந்தக் கேன்டீன் சுவரில்தான் காலண்டரைப் பார்த்தேன். ஒரகடத்திலும் அதே காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு உலகத்தில் எங்கெல்லாம் தொழிற்சாலை இருக்கிறதோ அங்கே வேலை பார்ப்பவர்கள் வரைந்து அனுப்பும் படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, வருடா வருடம் அச்சடிப்பார்கள். ஒரகடத்திலிருந்து ஒரு படம்கூட அதில் வந்ததில்லை. போன வருடம் எங்கள் பிரிவு சார்பாக நான் ஒரு மயில் வரைந்து அனுப்பினேன். தோகையில் ஒரு கண் விடாமல் வரைந்து, பின்னால் கோபுரம், முன்னால் தாமரைக் குளம், மூலையில் சூரியன், மீதி இடத்தில் பூ. திரும்பி வந்தது. "மிக அழகு. கண் இளைப்பாற ஓர் இடம் விட்டிருக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பெயின்ட் ஷாப்பில் பூசாத இடம் இருந்தால் அதற்குப் பெயர் குறை.

எங்கள் பிரிவின் மூத்தவள் ராணி அக்கா. மயில் திரும்பி வந்த அன்று அவள்தான் சொன்னாள்: "வுடு. வருசத்துக்குப் பன்னெண்டு மாசம் கீது. ஒரு மாசம் நமக்கு வராமலா பூடும்?"

வேறு யாருக்கும் இது பெரிய விஷயமாகத் தோன்றாது. எனக்கு அது பெரிதுதான். மாஸ்கிங் சரியாக இருந்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யார் கண்ணுக்கும் தெரியாது. தப்பினால் மட்டும் "மாஸ்கிங்" என்று சிவப்பு மையில் பலகையில் எழுதுவார்கள். ஆறு வருடமாக எங்கள் பிரிவின் பெயரை நான் அந்தச் சிவப்பு மையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை, வேறு ஒரு நல்ல இடத்தில், எல்லாரும் பார்க்கிற மாதிரி அது இருக்க வேண்டும் என்று ஆசை.

ஜப்பான் கேன்டீனில் காலண்டருக்குக் கீழே ஒரு மரப்பெட்டி இருந்தது. அடுத்த வருடக் காலண்டருக்கான படங்களை அதில் போடலாம் என்றாள் கெய்கோ. "இந்தப் பருவத்தில் நான் கண்டது" என்பது தலைப்பு. நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தைய திங்கட்கிழமை மதியம் பெட்டியை மூடிவிடுவார்கள். பெட்டிக்குள் நான் மிட்டாய்க் கடையைக் கண்ட சின்னப் பிள்ளை மாதிரி எட்டிப் பார்த்தேன் என்று சார் ரொம்ப நாள் கிண்டல் செய்தார்.

மாட்டுப் பொங்கல் எங்களுக்கு அங்கேதான் வந்தது. அன்று வேலை நாள். சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாட்டு மொகத்துல முழிக்காம ஒரு மாட்டுப் பொங்கலா? எங்க அப்பா கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?"

"சனிக்கிழமை லீவு சார். கொஞ்சம் தள்ளி வச்சிக்கினா மாடு கோச்சிக்காது."

கெய்கோவிடம் கேட்டேன். அவள் புருஷன் வீட்டில் பண்ணை இருந்தது. பஸ் போய்ச் சேரும் கடைசி நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரம்.

சனிக்கிழமை போனோம். நாற்பது கறவை மாடுகள் கொட்டகைக்குள் கதகதப்பாக நின்று அசைபோட்டன. கன்றுக்குட்டிகளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட் போட்டு, வயிற்றுக்கடியில் பக்கிள் மாட்டியிருந்தார்கள். "நம்மள விட நல்ல துணி" என்றார் சார். ஊரிலிருந்து கொண்டுவந்த குங்குமத்தை ஒரு பசுவின் நெற்றியில் வைத்தார். அது நன்றியாக அவர் குல்லாவை நக்கித் தலையிலிருந்தே கழற்றியது. கெய்கோவின் புருஷன் இது என்ன என்று கேட்டார். மாடுகளுக்குப் பிறந்தநாள் மாதிரி என்று சொல்லி வைத்தேன். அவர் உடனே இடுப்பை வளைத்து அந்தப் பசுவுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கொட்டகையின் பின்பக்கக் கதவைத் திறந்ததும் நான் மாடுகளை மறந்துவிட்டேன். வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. அதன் நடுவில் இரண்டு குதிரைகள். நம் ஊர்ச் சாரட்டு வண்டிக் குதிரைகள் இல்லை. மரக்கட்டை இழுக்கிற ஜாதி, கால் ஒவ்வொன்றும் உரல் கனம், குளம்பை மூடிக்கொண்டு ரோமம். மூச்சு விட்டால் ஆவி முகத்தை மறைக்கும். மீசை ரோமமெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. அவற்றின் காலடியில் ஏழெட்டுச் செம்மறிகள், முதுகில் பனி உருகாமல், ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. எனக்கு அழுகை வந்தது. அழகாக இருந்தது, அதனால்தான். வேறு காரணம் இல்லை.

பையில் வாட்டர்கலர் பெட்டி இருந்தது. கெய்கோ ஒரு சாக்கை மடித்துப் போட்டாள். வெளியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் பென்சிலில் குதிரைகள். பிறகு வானத்துக்கு நீலம் கரைத்தேன். பிறகு தரை. தரை வெறும் தாளாக வெள்ளையாகக் கிடந்தது. எனக்குப் பொறுக்குமா? அதற்கும் மெல்லிய நீலம் பூசினேன். ஓர் அங்குலம் விடவில்லை. பூசி முடிப்பதற்குள் வர்ணம் விசித்திரமாக நடந்துகொண்டது. பரவவில்லை. விளிம்பிலிருந்து ஊசி ஊசியாக ஏதோ முளைத்து, கிளை விட்டு, வானம் முழுவதும் சவுக்குத் தழை மாதிரி பரவியது. நான் தாளைப் பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க வளர்கிறது.

பெயின்ட் ஷாப்பில் ஆறு வருடம். மேற்பரப்பில் எதுவும் கோடு விழுந்தால் உடம்பு பதறும். பூசியாயிற்றா? ஓவனில் போடு. அதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. தாளைத் தூக்கிக்கொண்டு பால் கறந்து வைக்கும் அறைக்கு ஓடினேன். அங்கே இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நெருப்புக்கு நேராகப் பிடித்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தழையெல்லாம் கரைந்தது. வானம் வழிந்து குதிரை மேல் இறங்கியது, குதிரை வழிந்து ஆட்டின் மேல். கடைசியில் கையில் இருந்தது ஒரு நீலக் குட்டை.

கெய்கோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் நெருப்பு?" என்றாள்.

"பெயின்ட். பிறகு ஓவன்" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவளும் மாஸ்கிங்காரிதானே, புரிந்துவிட்டது. அப்புறம்தான் அறையின் ஜன்னல் கண்ணாடியைக் காட்டினாள். கண்ணாடி முழுக்க உறைபனி படிந்து, ஊசி ஊசியாய், கிளை கிளையாய், அதே தழை. அந்த ஊர்க் குளிர் தானே வந்து என் தாளில் தன் படத்தைப் போட்டிருக்கிறது. நான் அதைக் கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறேன்!

அன்று இரவுச் சாப்பாட்டில் சார் ரொம்ப நல்ல மனிதராக நடந்துகொண்டார். தன் பருப்புப் பொடியை என் தட்டில் தட்டினார். "விடும்மா. ரீவொர்க் பண்ணிருவோம்" என்றார்.

வாரம் முழுக்க வேலை. கெய்கோவின் பக்கத்தில் நின்று புதிய பாகத்துக்கு டேப் ஒட்டினேன். வேலைக்கு நடுவே எங்கள் ஊர் மே மாதத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரகடத்தில் மாஸ்கிங் பிரிவு ஓவன் வாசலில் இருக்கிறது. மே மாதம் வெளியே கத்தரி வெயில், உள்ளே ஓவன் காற்று, மின்விசிறி அந்தச் சூட்டையே வாரி முகத்தில் அடிக்கும், ராணி அக்கா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பாள் என்று சொன்னேன். கெய்கோவால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "எந்த மாதம்? எந்த மாதம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஐந்து விரலைக் காட்டினேன்.

அந்தப் பேச்சின் நடுவில்தான் கையில் இருந்த டேப்பைப் பார்த்தேன். கண் இளைப்பாற ஓர் இடம் விடச் சொன்னார்களே? இடம் விடுவதுதானே என் பிழைப்பு! எங்கே வர்ணம் படக் கூடாதோ அங்கே ஒட்டிவிட்டுப் போவது. ஆறு வருடம் இரும்புக்குச் செய்ததை ஒரு நாளாவது என் தாளுக்குச் செய்தேனா? அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன். கெய்கோ, டேப் தவறாக ஒட்டிவிட்டேனோ என்று குனிந்து பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை, எங்களுக்குக் கடைசிச் சனிக்கிழமை. திங்கள் மதியம் பெட்டி மூடப்படும். பால் அறையின் கதகதப்பில் உட்கார்ந்து முதலில் தாளுக்கு மாஸ்கிங் செய்தேன். குளிரில் டேப் ஒட்டாது. பனிமேட்டின் வளைவுக்கு டேப்பை நகத்தால் தாறுமாறாகக் கிழித்து ஒட்டினேன். செம்மறி முதுகுப் பனிக்குப் பொடிப்பொடியாக. குதிரைகளின் மூச்சுக்கு மட்டும் அரைமணி நேரம் பிடித்தது. பிறகு வெளியே போய் உட்கார்ந்து பூசினேன். இந்தத் தடவை குதிரைக்குப் பழுப்பு, வானத்துக்கு நீலம், தூரத்து மரங்களுக்குக் கரும்பச்சை, அவ்வளவுதான். ஃபிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரும் கிண்ணத்தில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் விளிம்பில் உறைந்து கட்டியது. விரல் மரத்துப்போய், தூரிகையை முஷ்டியால் பிடித்துக்கொண்டேன். தழை முளைத்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"ஏம்மா, கடைசி பஸ்ஸு! ஆர்ன் அடிக்கான் பாரு!" என்று சாலையிலிருந்து சார் கத்தினார்.

தாளைக் கொண்டுபோக முடியாது, பஸ்ஸுக்குள் ஹீட்டர். கொட்டகையின் வெளிப்பக்கம், கூரை இறங்கிய இடத்தில், ஒரு பலகை மேல் வைத்து நான்கு மூலைக்கும் கல் வைத்தேன். கெய்கோவிடம், "உள்ளே கொண்டுபோகாதே. கும்பிடுகிறேன். உள்ளே மட்டும் வேண்டாம்" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னேன். ஓடினேன். வழியில் ஒரு தடவை விழுந்தேன், அது கணக்கில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பனிப்புயல். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடம்கூடத் தெரியவில்லை. பஸ் இல்லை. ராணி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடி, பனி கீதா? வாயில போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. ஒண்ணும் ருசி இல்ல. படம் வெளியில மாட்டிகினு கீது. புயலடிக்குது. போச்சுன்னு நெனைக்கிறேன்."

"போனா போவட்டும். நீ பத்திரமா வூடு வந்து சேரு" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும்தான், போய்விடக் கூடாது என்ற வெறி எனக்குத் தலைக்கேறியது.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கியது. கெய்கோவின் இடம் காலி. பண்ணைச் சாலையை இன்னும் திறக்கவில்லை என்றார்கள். பத்து மணித் தேநீர் வந்தது, போனது. நான் ஒட்டிய டேப்பில் அன்று இரண்டு கோணல் விழுந்தது. கோணலைக் கண்டுபிடித்ததும் சார்தான், ஒன்றும் சொல்லாமல் சரிசெய்ததும் சார்தான். மதியச் சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் என்கிற போது கெய்கோ கையுறையோடு உள்ளே ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் அவள் புருஷனின் சிறிய லாரி நின்றது. முன்சீட்டில் அவர் மட்டும். படம் பின்னால், திறந்த தொட்டியில், இரண்டு பலகைக்கு நடுவே கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. முன்னால் ஹீட்டர் இருக்கிறது, அதனால் பின்னால் வைத்தோம் என்றாள். பனிக்கலப்பை வரும் வரை காத்திராமல் அவர்கள் இரண்டு பேரும் மண்வெட்டியால் வாசலிலிருந்து சாலை வரை பனியை வெட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். அவள் கண்ணிமை ரோமமெல்லாம் வெள்ளை. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த ஊரில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பலகையைத் தூக்கினோம். தாள் காய்ந்திருந்தது. பனிக்கட்டி ஈரமாகாமலே காற்றோடு போய்விட்டிருந்தது, தழை மட்டும் நின்றது. வானம் முழுக்க, மரங்களுக்குப் பின்னால், குதிரைகளின் பிடரி வரை, ஊசி ஊசியாக, கிளை கிளையாக. ஒரு கோடுகூட நான் போட்டதில்லை.

மீதி இருந்தது டேப். தாள் கிழிந்தால் எல்லாம் போயிற்று. கையுறையைக் கழற்றினேன். எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் நாள் சொல்வதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: மேலே இழுக்காதே, மடித்துத் தன் மேலேயே படுக்க வைத்து இழு, மூச்சை அடக்கு. பனிமேடு வந்தது. செம்மறிகளின் முதுகு வந்தது. கடைசியாக இரண்டு குதிரைகளின் மூச்சும் வெள்ளை வெளேரென்று தாளிலிருந்து எழுந்தன. ஒரு நார்கூடப் பிரியவில்லை.

சார் எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் டார்ச்சை எடுத்தார். பெயின்ட் அடித்த இரும்பைப் பார்ப்பது போலவே தாளின் மேல் சரிவாக வெளிச்சம் அடித்து, மூலையிலிருந்து மூலைக்கு நகர்த்தினார். பழக்க தோஷம், நான் ஓரடி பின்னால் தள்ளி நின்றேன்.

"இங்க பூசல. இங்கயும் பூசல" என்றார்.

"அது பனி சார்."

"பூசாம விட்டதுதான் பனியா?"

"ஆமா சார்."

டார்ச்சை அணைத்தார். "அப்பம் இது பூரா மாஸ்கிங் வேலைல்லா!" என்றார். அப்புறம் அதைப் பைக்குள் போட்டபடி, "ஓகே. அனுப்பு" என்றார்.

பின்பக்கம் பெயர் எழுத வேண்டும். "ஜெசிந்தா, மாஸ்கிங் பிரிவு, ஒரகடம்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சங்கு ஊதும்போது படம் பெட்டிக்குள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஊர் திரும்பினோம். மாதங்கள் ஓடின. புதிய பாகம் வந்தது, ஓ.டி. வந்தது, பலகையில் சிவப்பு மையும் அவ்வப்போது வந்தது. டிசம்பரில் ஒரு நாள் மனிதவள அலுவலகத்திலிருந்து காலண்டர் கட்டு கேன்டீனுக்கு வந்திறங்கியது. என் படம் இருக்கிறது என்று சொன்னார்கள், எந்த மாதம் என்று சொல்லவில்லை. எங்கள் பிரிவுப் பெண்கள் மொத்தமாகச் சூழ்ந்துகொண்டோம். பனிப் படம், ஜனவரியாகத்தான் இருக்கும் என்று திருப்பினோம். ஜனவரி யாரோ வரைந்த கப்பல். பிப்ரவரி இல்லை. மார்ச் இல்லை. ஏப்ரல் ஏதோ பூந்தோட்டம். இனி வருவதெல்லாம் வெயில் மாதம், அதில் பனியை யார் போடுவார்கள்?

ராணி அக்கா அடுத்த தாளைத் திருப்பினாள்.

மே. இரண்டு குதிரைகள் எங்களைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றன.

பெண்கள் போட்ட கூச்சலில் சமையல் கட்டிலிருந்து ஆள் ஓடிவந்தார். ராணி அக்காவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. படத்துக்குக் கீழே விரலை ஓட்டி, "இதுல எதுடி நம்ம பேரு?" என்று கேட்டாள். "மாஸ்கிங்" என்ற சொல்லில் அவள் விரலை நிறுத்தினேன். விரலை எடுக்காமல் நின்றாள். கறுப்பு மையில் இருந்தது.

அன்று மாலை கெய்கோவுக்கு மெயில் போட்டுக் கேட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது. "தேர்வுக் குழுவினர் ஜனவரி என்றார்கள். நான் போய் ஐந்து விரலைக் காட்டினேன்."

மே மாதம் வந்தது. கத்தரி வெயிலில் கரன்ட் போய்ப் போய் வந்தது. ஓவன் வாசலில் நின்று வெந்துவிட்டு வந்து, தேநீர் நேரத்தில் எங்கள் பெண்கள் காலண்டருக்கு நேர்கீழே பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "இங்க குந்திகினா ஜில்லுனு கீதுடி" என்பாள் ராணி அக்கா. மற்ற பிரிவு ஆட்கள் இடம் கேட்டு நின்றார்கள். நாங்கள் கொடுக்கவில்லை.

ஜூன் பிறந்ததும் மனிதவள அலுவலர் தாளைத் திருப்ப வந்தார். திருப்ப முடியவில்லை. நான்கு மூலையும் தாள் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தது, ஒரு சுருக்கம் இல்லாமல். யார் ஒட்டியது என்று கேட்டார். கேன்டீனில் எல்லாரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நகத்தை வைத்துப் பிரிக்கப் போனார்.

"சார், கை வைக்காதீங்க" என்று பின்னாலிருந்து வேல்முருகன் சாரின் குரல் கேட்டது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு, சட்டைப் பையில் அந்த டார்ச். "மாஸ்கிங் பண்ணுனத மாஸ்கிங்காரங்கதான் பிரிக்கணும். அதாக்கும் ரூல்."

"எப்பதான் பிரிப்பாங்க?"

சார் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். ராணி அக்கா ஈரத் துண்டைப் பிழிந்து, மறுபடி தலையில் போட்டுக்கொண்டு, "ஓவன் ஆறட்டும் சார், பாக்கலாம்" என்றாள்.

ஓவன் அந்த வருடம் ஆறவே இல்லை.